மில் ஃபிட்டராக இருந்த அப்பாவைக் கொச்சி பியனாலேவுக்குக் கூட்டிப் போகலாமா?

அம்பைமகன் கேட்கிறார்:

வணக்கம். எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். திருநெல்வேலி ஜங்ஷனில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். ஓவியம், சிற்பம் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொச்சியில் பழைய குடோன்களுக்குள் நடக்கும் பியனாலே என்ற கலைக் கண்காட்சி பற்றி ஆபீசில் ஓர் அக்கா சொன்னதிலிருந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. தனியாகப் போக மனமில்லை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறேன். அங்கேதான் யோசனையாக இருக்கிறது.

அப்பா நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். பஞ்சைச் சீவும் கார்டிங்கில் ஆரம்பித்து, பிறகு நூல் நூற்கும் ரிங் பிரேம் பராமரிப்பு. மில்லை மூடுகிற வரைக்கும் அங்கேதான். எந்த மில் என்று இங்கே எழுத வேண்டாம். பாக்கிச் சம்பளத்துக்கும் கிராஜுவிட்டிக்கும் அவர் அலைந்த அலைச்சல் எங்கள் தெருவுக்கே தெரியும். மிஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றி இரும்பு விலைக்குக் கொண்டுபோன அன்று, கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதைப் பற்றி இன்றுவரை எங்களிடம் பேசியதில்லை. கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறது. பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

கொச்சி பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரக்கு வச்சிருந்த இடத்துல படம் மாட்டி வச்சிருக்காங்களா? சரி. அங்க வேல பாத்த ஆளுங்கல்லாம் எங்க போனாங்களாம்?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அந்த மாதிரி இடத்துக்கு இப்படி ஒருவரைக் கூட்டிப் போனால் மனம் நொந்துவிடுவாரா? சமகாலக் கலை என்கிறார்கள், ஒன்றும் விளங்காமல் ஓர் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாரா? முழங்கால் வலி வேறு இருக்கிறது, படி ஏறினால் சிரமப்படுவார். எப்படிப் போவது, எதைப் பார்ப்பது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


சேரன்மாதேவி டீச்சர் பதில்:

தம்பி, நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. 2014இல் நடந்ததற்கு முதல்முறை போனேன், அதற்குப் பிறகும் போய் வருகிறேன். முழங்காலையும் ரயிலையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் அப்பா கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இடத்துக்கு வருகிற ஆயிரம் பேரில் ஒருவர்கூட அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பியனாலேயின் முக்கியமான இடமாக இருந்து வந்தது ஃபோர்ட் கொச்சியில் தண்ணீர் ஓரமாக இருக்கும் ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867இல் ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேய வியாபாரி தொடங்கிய கம்பெனியின் வளாகம். தேங்காய் எண்ணெய், மிளகு, மரம், இஞ்சி, மஞ்சள் என்று ஏற்றுமதி செய்தார்கள். பிறகு கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர் என்று வியாபாரம் வளர்ந்தது. அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி வர வழியில்லை, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். குடோன் வாசலிலேயே மூட்டையை வள்ளத்தில் இறக்கிக் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். குடோன்கள் எல்லாம் தண்ணீரைப் பார்த்துக் கட்டப்பட்டிருப்பதன் காரணம் அதுதான்.

1920களில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் வந்து, துறைமுக வாயில் இருந்த மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். அள்ளிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை உண்டாக்கினார்கள். கப்பல் அங்கே நேராகக் கரையில் கட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகு கண்டெய்னர் காலம் வந்தது, 2011இல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையமே திறந்துவிட்டார்கள். சுமந்து, எடைபோட்டு, வள்ளத்தில் ஏற்றுகிற வேலைக்கு இடமில்லாமல் போயிற்று. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கப்பல் இடம் மாறியது, பின்னாலேயே வேலையும் போனது, ஆட்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். காலியாகக் கிடந்த கட்டடங்களில்தான் 2012 டிசம்பர் 12ஆம் தேதி முதல் பியனாலே தொடங்கியது. தொடங்கியவர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு கலைஞர்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டைகளில் கலைஞர் பெயரும் என்ன பொருளால் செய்தது என்பதும் இருக்கும். மூட்டை சுமந்தவர்களைப் பற்றி நான் பார்த்த அட்டைகளில் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

சரி, அவர் மனம் நொந்துவிடுமா என்று கேட்டீர்கள். அவரைக் கலை பார்க்க வந்தவராக அங்கே நிறுத்தினால் நோகலாம். கட்டடம் பார்க்க வந்தவராகக் கூட்டிப் போங்கள். நானும் நீங்களும் உள்ளே போனால் சுவரில் மாட்டியிருப்பதைத்தான் பார்ப்போம். அவர் மேலே பார்ப்பார். உத்திரம் எந்த மரம், ஓட்டுக்கூரையின் பாரத்தை எது தாங்குகிறது, கதவு ஏன் இவ்வளவு அகலம், ஜன்னல் ஏன் உயரத்தில் இருக்கிறது, தரை எங்கே தேய்ந்திருக்கிறது, எந்த வழியாகச் சரக்கு போயிருக்கும் என்று அவர் கண் தானாகப் போகும். அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் கேட்டுக்கொண்டே வாருங்கள். என் மாணவர்களில் ஒரு பையனின் தாத்தா நூல் மில்லில் இருந்தவர். மில் கூரையை ரம்பப்பல் மாதிரி வரிசையாக வைத்து, கண்ணாடியை வடக்குப் பார்த்து வைப்பார்கள், அப்போதுதான் வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் சீராக வரும், அறுந்த இழை கண்ணுக்குத் தெரியும் என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஓவியர்களும் காலம் காலமாக வடக்கு வெளிச்சத்தைத்தான் தேடுகிறார்கள், நிறம் மாறாமல் தெரியும் என்று. உலகம் முழுவதும் பழைய ஆலைகளைக் காட்சிக்கூடமாக்க இந்த வெளிச்சமும் ஒரு காரணம். தூண் குறைவான அகலமான கூடமும் பெரிய பாரம் தாங்கும் தரையும் இன்னொரு காரணம். உங்கள் அப்பா இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் படிக்காமலே அறிந்தவர்.

விளங்காது என்று பயப்பட வேண்டாம். நம் கிருஷ்ணாபுரம் கோவில் தூண் சிற்பங்களை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? கர்ணன் காலில் நரம்பு புடைத்திருப்பதை நாம் அட்டை படித்தா பார்த்தோம்? சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம், பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அங்கேயும் அதே மாதிரி பார்த்தால் போதும். அட்டையைக் கடைசியில் படியுங்கள்.

நான் பார்த்ததில் நாலைந்து வேலைகளைச் சொல்கிறேன். அவை இப்போது அங்கே இருக்காது, ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வைப்பார்கள். எந்த மாதிரி இருக்கும் என்று அப்பாவுக்குச் சொல்ல உதவும்.

2014இல் அனிஷ் கபூர் என்ற சிற்பி ஆஸ்பின்வால் ஹவுஸில் தரையில் ஒரு பெரிய வட்டக் குழி வைத்து, அதில் கறுத்த தண்ணீர் ஓயாமல் சுழன்று நடுவில் உள்ளே இழுத்துக்கொண்டு போகும்படி செய்திருந்தார். வெளியே கடல், உள்ளே தரைக்கு அடியிலிருந்து வரும் அந்த உறுமல். என்னோடு வந்த மாணவர்களில் ஒருவன் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து, "டீச்சர், மோட்டாரு எங்க இருக்கு?" என்றான். நல்ல கேள்வி. உங்கள் அப்பாவும் அதைத்தான் கேட்பார், கேட்கட்டும்.

அதே வருடம் பெப்பர் ஹவுஸ் என்ற பழைய மிளகுக் குடோனில் பெனிதா பெர்சியால் வைத்திருந்தது என்னை நெடுநேரம் நிறுத்திவிட்டது. அவர் திருவண்ணாமலையில் பிறந்தவர், தமிழ்நாட்டுக் கலைஞர். கிறிஸ்தவ உருவங்களைச் சாம்பிராணி, வெள்ளைப்போளம், பட்டை, கிராம்பு மாதிரியான பொருட்களைக் கொண்டு செய்திருந்தார். உள்ளே நுழையும்போதே மணம் வரும். கை போன உருவம், உடம்பு மட்டும் நிற்கும் உருவம் என்று பழைய தேவாலயத்தில் கிடப்பவை போல இருந்தன. பாளையங்கோட்டை தேவாலயங்களில் வளர்ந்த எனக்கு அந்த மணமும் அந்த உடைந்த உருவங்களும் சேர்ந்து நெஞ்சை அடைத்தன. மிளகு வைத்த இடத்தில் வாசனைப் பொருளால் செய்த உருவம் நின்றால், அது வேறு எந்த மண்டபத்திலும் அப்படி நிற்காது. கலையும் கட்டடமும் ஒன்றையொன்று தேடி வந்த மாதிரி இருந்தது.

2012இல் விவான் சுந்தரம் என்ற கலைஞர் வைத்ததை நான் நேரில் பார்க்கவில்லை, படத்திலும் வீடியோவிலும்தான். பட்டணம் என்ற ஊரில், பழைய முசிறித் துறைமுகம் அதுதான் என்று பல ஆய்வாளர்கள் சொல்லும் இடத்தில், அகழாய்வில் கிடைத்து ஒதுக்கிவைத்த ஆயிரக்கணக்கான பானை ஓடுகளைப் பரப்பி ஒரு நகரமே செய்திருந்தார். ஆதிச்சநல்லூர் தாழி ஓடுகளைப் பார்த்து வளர்ந்த நாம் அதை எட்டி நின்று பார்க்க முடியாது.

2016இல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா. குடோன் முழுவதும் கடல்தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். செருப்பைக் கழற்றி, துணியைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து அந்தக் கோடி வரை போக வேண்டும். சுவரில் கவிதை வரிகள். அகதிப் படகு கவிழ்ந்து 2015இல் இறந்த சிரியக் குழந்தைகளில் காலிப் குர்தி என்ற பையனுக்கான கவிதை. அவன் தம்பி ஆலன் கரையில் கிடந்த படம் உலகம் முழுவதும் போயிற்று, காலிப்புக்குப் படம்கூட இல்லை. நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் வந்த முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது முழங்கால். பழைய கட்டடம், தரை ஒரே மட்டமாக இருக்காது, மரப்படிகள் செங்குத்து. மாடியை விட்டுவிடுங்கள். கீழே இருப்பதே ஒரு நாளுக்கு அதிகம். எந்தெந்தக் கட்டடம் திறந்திருக்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது, ஆஸ்பின்வால் வளாகமும் முழுதாகக் கிடைப்பதில்லை. கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை நடக்கும். எல்லா வருடமும் கிடையாது.


தாராவி நெல்லையான் பதில்:

டீச்சர் நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் "ஆட்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள்" என்று ஒரு வரியில் கடந்துபோனது எனக்கு ஒப்பவில்லை. மரியாதையோடுதான் சொல்கிறேன்.

எங்கள் பூர்வீகம் வள்ளியூர் பக்கம். நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். சித்தப்பா பம்பாயில் மில் தறியில் இருந்தார். 1982 ஜனவரி 18ஆம் தேதி தொழிற்சங்கவாதி டத்தா சாமந்த் தலைமையில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். அந்த வேலைநிறுத்தம் முடிந்தது என்று முறையாக யாரும் அறிவிக்கவே இல்லை. மில்கள் ஒவ்வொன்றாகப் போயின. லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இப்போது பெரிய மால். புகைபோக்கியை மட்டும் அழகுக்காக விட்டுவைப்பார்கள். சித்தப்பா பிறகு காய்கறி வண்டி தள்ளினார். அவருக்கு அந்த மாலுக்குள் போக ஒருநாளும் மனம் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

மாலுக்குப் பதில் கலைக்கூடம் வந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். உண்மையாகவே. அங்கே குறைந்தபட்சம் யாரோ நின்று யோசிப்பார்கள். ஆனால் அது அந்தத் தொழிலாளிக்கு ஈடு ஆகாது. பாக்கிப் பணம் பாக்கிதான்.

தம்பி, உங்கள் அப்பா கேட்டது நம் மண்ணுக்குப் புதிதில்லை. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நிற்க வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கினார்கள். அடுத்த சில நாட்களில் இருவரையும் கைது செய்ததும் திருநெல்வேலியே பற்றி எரிந்தது. இந்த மாவட்டத்தில் என்றாவது ஒரு பழைய மில்லைக் கலைக்கூடமாக மாற்றினால், முதல் அறையில் மஸ்டர் ரோல் வேண்டும். யார் எந்த ஷிப்டில் எந்த மிஷினில் நின்றார் என்ற பெயர்ப்பட்டியல் வேண்டும். அதைத் தாண்டித்தான் ஓவியத்துக்குப் போகிற மாதிரி வழி வைக்க வேண்டும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் அந்தக் கேள்வியை அங்கே இருப்பவர்களிடமும் கேட்கட்டும். தயங்க வேண்டாம்.


பாளை நர்ஸ் பதில்:

நான் பாளையங்கோட்டை, இப்போது வேலை லண்டனில், நெஞ்சு நோய் வார்டில். இரவு ஷிப்ட் முடிந்து சில நாள் நேராகத் தூங்கப் போக முடியாது, அப்போதெல்லாம் டேட் மாடர்ன் என்ற கலைக்கூடத்துக்குப் போய் உட்காருவேன். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை, டர்பைன் ஹாலுக்கும் இல்லை. அதனால்தான் முதலில் போனேன்.

அது பேங்க்சைடு மின்நிலையம். கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது, லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வரைந்ததும் அவரே. 1947இல் கட்டத் தொடங்கி 1963இல் முடித்தார்கள். எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்த நிலையம். எண்ணெய் விலை ஏற ஏறக் கட்டுப்படியாகாமல் 1981இல் மூடினார்கள். ஹெர்சாக், டி மியூரான் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் மாற்றியமைத்து 2000இல் திறந்தது. டர்பைன்கள் நின்ற கூடத்தை அறை அறையாகத் தடுக்காமல் அப்படியே விட்டார்கள், சுமார் 35 மீட்டர் உயரம். எண்ணெய் சேமித்த நிலத்தடித் தொட்டிகளையும் 2012இல் காட்சியிடமாகத் திறந்துவிட்டார்கள். உள்ளே போனால் ஆள் சின்னதாகிவிடுவார், அந்த இயந்திரங்களுக்கு முன்னால் வேலை செய்தவர் எப்படி உணர்ந்திருப்பார் என்று உடம்புக்கே தெரியும்.

அந்த மில்லில் உங்கள் அப்பா கார்டிங்கில் இருந்தார் என்று படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். 2010இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் அந்தக் கூடத்தில் சூரியகாந்தி விதை போலப் பீங்கானில் செய்த பத்துக் கோடி விதைகளைப் பரப்பினார். ஜிங்டெஜென் என்ற பீங்கான் ஊரில் சுமார் 1,600 பேர் கையால் வண்ணம் தீட்டியவை. மக்கள் அதன்மேல் நடக்கலாம், உட்காரலாம் என்றுதான் முதலில் விட்டார்கள். நடக்க நடக்கப் பீங்கான் தூசி கிளம்பியது. மூச்சில் போனால் கெடுதல் என்று சில நாட்களிலேயே நடப்பதைத் தடுத்துவிட்டார்கள். பார்வையாளர்களுக்காக மட்டுமல்ல, நாள் முழுக்க அங்கேயே நிற்கும் ஊழியர்களின் நுரையீரலை நினைத்தும்.

அது சரியான முடிவு. ஆனால் நான் அன்று நினைத்தது கார்டிங் கூடத்தைத்தான். பஞ்சுத் தூசியில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு வரும் நோய்க்குப் பைசினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும், இரண்டொரு நாளில் தணிந்த மாதிரி இருக்கும். தொடக்கத்தில் அப்படித்தான் வரும், பிறகு எல்லா நாளும். இங்கிலாந்தில் லங்காஷயர் மில்களில் பல தலைமுறை இதில் செத்திருக்கிறது. அப்பாவுக்கு இழுப்போ நாள்பட்ட இருமலோ இருந்தால் பயணத்துக்கு முன் ஒருமுறை டாக்டரிடம் காட்டி, மில்லில் எந்தப் பிரிவில் இருந்தார் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். நாமாகச் சொன்னால்தான் கேட்பார்கள்.

இன்னொன்று. 2007இல் கொலம்பியாவின் டோரிஸ் சல்செடோ அந்தக் கூடத்தின் சிமெண்டுத் தரையை 167 மீட்டர் நீளத்துக்கு விரிசலாகப் பிளந்துவிட்டார். புலம்பெயர்ந்து வருகிறவர்களை இந்தச் சமூகம் நடத்தும் விதத்தைப் பற்றிய வேலை. காட்சி முடிந்ததும் விரிசலை நிரப்பினார்கள். தழும்பு இன்றும் தரையில் தெரிகிறது. வீட்டு நினைப்பு அதிகமாகிற நாளில் அதன் ஓரமாகவே நடந்து போவேன்.


அம்பைமகன்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், அக்கா, அண்ணாச்சி, மூன்று பேர் எழுதியதையும் நேற்று ராத்திரி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

கொச்சித் துறைமுகம் பற்றிய பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னார். கப்பல் இடம் மாறினதால் வேலை போனது என்பது அவருக்கு உடனே பிடிபட்டது. "எங்க மில்லுல கப்பல் மாறல. கரெண்டு பில்லும் பஞ்சு வெலயும்" என்று தொடங்கி, அரை மணி நேரம் பேசினார். அப்புறம் தாராவி அண்ணாச்சி எழுதிய மஸ்டர் ரோல். மில்லில் தனக்கு இருந்த டிக்கெட் நம்பரைச் சொன்னார். எனக்கு அது இத்தனை வருடமும் தெரியாது.

நர்ஸ் அக்கா எழுதிய தூசி விஷயத்துக்கு அவர் பேசவில்லை, அம்மாதான் பேசினார்கள். திங்கட்கிழமை நெஞ்சு பிடிப்பது கல்யாணமான புதிதிலேயே உண்டாம். அம்பையில் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் கிளம்புவோம், பிரிவையும் சொல்வோம்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு இரண்டு சந்தேகம். மூட்டை சுமந்த பழைய ஆள் யாராவது அங்கே இன்னும் இருக்கிறார்களா, பேச முடியுமா? மலையாளம் தெரியாதே, சமாளிக்கலாமா? எனக்கு ஒரு சந்தேகம்: எந்த ரயில்?


சேரன்மாதேவி டீச்சர்:

தாராவி அண்ணாச்சி சொன்னது நியாயம். முதல் அறையில் பெயர்ப்பட்டியல் என்ற யோசனையை என் மாணவர்களிடம் நாளைக்கே சொல்லப் போகிறேன். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் மில்லோ பீடியோ பாயோ ஏதாவது ஒரு வேலை இருக்கிறது. அவரவர் வீட்டு ஆளின் வேலைக் கருவியை வரைந்து, பெயரோடு ஒட்டலாம்.

தம்பி, பேச ஆள் கிடைக்கும். ஆனால் கண்காட்சிக்குள் தேடாதீர்கள். ஃபோர்ட் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு ஆட்டோவில் போங்கள். அங்கே சுக்கும் மிளகும் அரிசியும் விற்கும் மொத்தக் கடைகள் இன்னும் நடக்கின்றன, சுமைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். காலையில் மூட்டை இறக்கும் நேரத்தில் தொந்தரவு செய்யாமல், டீ குடிக்க உட்காரும்போது பேசுங்கள். ஒருமுறை அப்படி ஒரு பெரியவர், எந்தக் குடோனில் எந்தச் சரக்கு இருந்தது என்று தெரு முழுவதையும் எனக்குக் கை நீட்டிக் காட்டினார். அப்பா தமிழிலேயே மெதுவாகப் பேசட்டும், புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு இடமும் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி வெளி மைதானம் பக்கம் டோபி கானா. டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே துணி வெளுக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள். வரிசையாகக் கட்டிய துவைக்கும் தொட்டிகள், இரண்டு கயிற்றை முறுக்கி அந்த முறுக்குக்குள் துணி முனையைச் செருகிக் காயப்போடும் விதம், கரி போட்ட இஸ்திரிப் பெட்டி எல்லாம் பார்க்கலாம். வேலை நடக்கும் இடம், கேட்டுவிட்டு உள்ளே போங்கள். என்னைக் கேட்டால் பியனாலேயில் ஓர் அறையைக் குறைத்துக்கொண்டாவது அங்கே போக வேண்டும்.

ரயிலுக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ். ராத்திரி அம்பையிலேயே ஏறலாம். தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாக மலையை இருட்டில் கடந்து காலையில் எர்ணாகுளம் டவுனில் இறக்கிவிடும். மறுபடி சாயங்காலம் அதே ரயிலில் ஏறினால் விடிவதற்குள் ஊர். அப்பாவுக்குக் கீழ் பெர்த் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எர்ணாகுளத்தில் ஆட்டோ பிடித்து ஹைகோர்ட் பக்கத்தில் இருக்கும் வாட்டர் மெட்ரோ துறைக்குப் போய், அங்கிருந்து ஃபோர்ட் கொச்சி. பழைய படகுத்துறையில் ஏறி இறங்க முழங்கால் வளைய வேண்டும். வாட்டர் மெட்ரோவில் மேடை தண்ணீரோடு சேர்ந்து மிதப்பதால் படகும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும், அவர் நடந்தே ஏறிவிடலாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டாம், ஓர் இரவு தங்குங்கள். முதல் நாள் கண்காட்சி, மறுநாள் காலை மட்டாஞ்சேரி. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், கண்காட்சியில் கூட்டம் நெரியும், பஜார் ரோட்டில் கடை பாதி பூட்டியிருக்கும்.